நீல மாத்திரையில் பாதி

எங்கள் அண்ணிக்குக் காலில் சக்கரம் என்று சொன்னால் சக்கரம் கோபித்துக்கொள்ளும். சக்கரமாவது எப்போதாவது நிற்கும். அண்ணி நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே பல் தேய்ப்பாள். போனில் பேசும்போது சமையலறைக்கும் வாசலுக்குமாக அலைந்துவிட்டு, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று என்னையே கேட்பாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்பான் என் அண்ணன். அவன் லாரி ஓட்டுகிறவன். சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விடுவான். அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுவது நாத்தனார் நான்தான்.

அண்ணிக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில், புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சோதனைக்கு ஆட்களைத் தேடிக் கொண்டுவருவது அவள் வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் அதற்கு நீளமாக ஒரு பட்டம் போட்டிருக்கிறார்கள். தெருவில் நடக்கும்போது அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். பட்டத்தைப் படித்தாலே கிழவர்கள் பாதை மாறிப் போய்விடுகிறார்களாம்.

அவளுக்கு வேண்டியவர்களே கிழவர்கள்தான். பிரஷருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு நீல மாத்திரை. அதைப் போட்டுப் பார்க்க வயதானவர்கள் வேண்டும், அதிலும் இல்லாதப்பட்டவர்கள் வேண்டும். ஏன் என்று கேட்டால் அண்ணி பொரிந்து தள்ளிவிடுவாள்.

"மருந்த சோதிச்சுப் பாக்கறது நாப்பது வயசுப் பணக்காரன் மேல. கடைசில முழுங்கறது எழுபது வயசு ஏழை. ஒருத்தன் காலுக்கு அளவெடுத்த செருப்ப இன்னொருத்தன் கால்ல மாட்டினா கடிக்காதா?"

நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கேட்க ஆள் நிற்க வேண்டுமே. ஒருவர் கிட்னியைத் திருடிவிடுவார்கள் என்பார். இன்னொருவர் மகனைக் கேட்க வேண்டும் என்பார், மகன் போனையே எடுக்க மாட்டான். "ஏம்மா, ஊர்ல எலியே கிடைக்கலையா?" என்று ஒருவர் கேட்டதற்கு அண்ணி அசரவில்லை.

"எலி கிடைக்குது ஐயா. எலிக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியல, அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அடுத்த வாரமே சேர்ந்தும்விட்டார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.

ஆனாலும் ஆட்கள் போதவில்லை. சேரவில்லை என்றால் ஆராய்ச்சியையே மூட்டை கட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஓடுகிறவளைத் துரத்தவும் செய்தால் என்ன ஆகும்? வாயில் ஒரு பேச்சு, காதில் ஒரு போன், கால் அடுத்த தெருவில். அந்த நாட்களில் அண்ணி ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்து நான் கேட்டதில்லை.

அவளுடைய வேட்டைக்காடு என் கடை. தெருமுனையில் நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். காசு போட்டால் துவைக்கிற மெஷின்கள், எதிரே ஒரு நீள பெஞ்சு. வீட்டில் மெஷின் இல்லாதவர்கள்தான் வருவார்கள், அவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். அண்ணியின் சூட்சுமம் இதுதான்: ஈரத்துணி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராலும் எழுந்து ஓட முடியாது. துணி சுற்றி முடிவதற்குள் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

அப்படிச் சிக்கியவர்கள்தான் லிஃப்ட்காரரும் பொத்தானம்மாவும். லிஃப்ட்காரர் வாழ்நாளெல்லாம் ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவர். இப்போது குடியிருப்பது நாலாவது மாடியில், அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடி யாரும் பார்த்ததில்லை. "ஊரையெல்லாம் மேல ஏத்திவிட்டேன், என்னை ஏத்திவிட ஒரு நாதி இல்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பொத்தானம்மா அவர் மனைவி. சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தே கண் மங்கியவர்.

இருவருக்கும் எதுவானாலும் பாதிப் பாதி. ஒரு மூக்குக்கண்ணாடிதான், அவர் பேப்பர் படித்ததும் கழற்றி இவருக்குக் கொடுப்பார். ஒரு போன்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிட்டால் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெரியதை அவர் இவர் பக்கம் தள்ள, இவர் அவர் பக்கம் தள்ள, மெஷின் நின்றுவிடும், பன் தீர்ந்திருக்காது. இளைய ஜோடிகள்கூட இப்படிக் கொஞ்சிக்கொண்டு நான் பார்த்ததில்லை. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட வரும். தனியாக இருக்கிறவளுக்கு வராதா?

அண்ணி அவர்கள் வீட்டுக்கு நாலு மாடி ஏறி ஏறி இறங்கினாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். இருக்கிற ஒற்றை அறையில் அண்ணி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே விளக்கினாள். பாதிப் பேருக்குத் தரும் மாத்திரையில் நிஜ மருந்து இருக்கும், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"யாருக்குமே தெரியாத மருந்தா?" என்றார் லிஃப்ட்காரர். "சரிதான். கல்யாணமும் அப்படித்தான் பண்ணி வெச்சாங்க. மொதல்ல நீ உக்காரும்மா, உன்னைப் பாத்தே எங்களுக்கு பிரஷர் ஏறுது."

அண்ணி உட்காரவில்லை. அவர்கள் இருவரும் சம்மதித்தார்கள். பொத்தானம்மாவுக்குத்தான் அதிக ஆசை. அந்தப் பிரிவில் ஒவ்வொரு முறை போகும்போதும் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்து, ராத்திரி தூக்கம் வந்ததா என்று விசாரிப்பாராம். "நம்மள இந்தக் கேள்வி கேட்டு எவ்வளவு காலமாச்சு" என்றார் என்னிடம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவைச் சொல்ல அண்ணி என் கடைக்கு வந்தாள். நான் கல்லாவில் இருந்தேன், எல்லாம் என் காது படத்தான் நடந்தது.

"ஐயாவ எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "அம்மா, மன்னிச்சுக்கோங்க. உங்கள சேர்க்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

பொத்தானம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தார். "ஏம்மா?"

"ரத்தத்துல அவங்க கேக்கற அளவு வரல. கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்காம்…"

அதற்குள் அண்ணியின் போன் அலறியது. யாரோ ஒருவர் சேருகிறேன் என்கிறார், உடனே வா என்று ஆஸ்பத்திரியிலிருந்து. "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்கம்மா" என்று பொத்தானம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு, வாசல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"இந்த வயசுல எதுதான் வீக் இல்ல?" என்றார் பொத்தானம்மா, போனவளின் முதுகைப் பார்த்து. பிறகு சின்னக் குரலில், "ஃபேக்டரி வாசல்ல ஆள் எடுக்கறப்ப என்னைத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க" என்றார். லிஃப்ட்காரர் மிச்சத் துணியை அள்ளி மூட்டை கட்டினார். அன்றைக்குப் பன்னும் வாங்கவில்லை.

லிஃப்ட்காரர் நீல மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். காலையில் ஒன்று, தவறாமல். ஒவ்வொரு முறையும் டப்பாவை எடுத்துக்கொண்டு போவார், மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள், ஒன்றுகூட முன்பின் இருக்காது. அந்தப் பிரிவிலேயே அவரைப் போல ஒழுங்கானவர் கிடையாது என்று அண்ணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரைப் பாருங்கள், அவரைப் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லியே நாலைந்து பேரைச் சேர்த்துவிட்டாள்.

பொத்தானம்மாவும் தெளிந்துவிட்டார். முகத்தில் ஒரு களை. சில நாள் தனியாகவே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி வருவார். ஒருநாள் கடைக்கு வந்தவர், "கொஞ்சம் தண்ணி குடும்மா, காலைல மறந்துட்டேன்" என்று கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பாதி மாத்திரை. கோணல்மாணலாக வெட்டியது, நீல நிறம்.

நான் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் யார் முழு மாத்திரை போடுகிறார்கள்? டாக்டர் ஒன்று என்று எழுதுவார், நாங்கள் கத்தியை எடுப்போம். ஒரு அட்டை இரண்டு மடங்கு நாள் வரும். என் பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். "உங்களுதும் பாதியா?" என்று நான் கேட்க, "பாதிதான்" என்று அவர் சொல்ல, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல இருவரும் சிரித்துக்கொண்டோம்.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்திருந்தேன். அண்ணி தட்டைக் கையில் ஏந்தியபடி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். பேச்சு வழக்கம்போல லிஃப்ட்காரர் புராணம்.

"அந்த நீல மாத்திரை கல்லு மாதிரி இருக்கும். நடுவுல கோடுகூட கிடையாது. உடைக்கக் கூடாது, முழுசாதான் முழுங்கணும். அவர் கரெக்டா…"

"நல்லா உடைக்கலாமே" என்றேன், வாயில் சாப்பாட்டோடு. "கோணலா வரும், அவ்வளவுதான். பொத்தானம்மா அப்படித்தான் வெட்டி வெச்சிருந்தாங்க."

அண்ணி நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"யாரு வெட்டி வெச்சிருந்தாங்க?"

"பொத்தானம்மா. கைக்குட்டைல முடிஞ்சு…"

"நீலமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவில் எண்ணிக்கை ஏன் பிசகவில்லை என்பதும் புரிந்தது. தினமும் ஒரு மாத்திரைதானே குறைய வேண்டும், குறைந்தது. எத்தனை வாய்க்குள் போனது என்று டப்பாவுக்குத் தெரியுமா?

"அந்த அம்மாவுக்கு கிட்னி சரியில்ல" என்றாள் அண்ணி. தட்டு எங்கே போனதோ, அவள் கையில் இல்லை. "கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது ஆகவே ஆகாது. இதயம் தடுமாறி நின்னுடும். அதனாலதான் வேணாம்னு தள்ளினாங்க." செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிவிட்டாள். நான் அவள் செருப்பையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

போன் அடித்தால் எடுத்தவர் லிஃப்ட்காரர், வீட்டிலிருந்து. அவள் கொஞ்சம் முன்னால்தான் வெளியே போனாள் என்றார். எங்கே என்று தெரியாது. இருக்கிற ஒரு போனும் அவர் கையில். அண்ணி எதிர்ச்சாரிக் கடைகளில் எட்டிப் பார்த்தாள், பூங்காவைச் சுற்றி வந்தாள், பஸ் நிறுத்தத்தில் குடைபிடித்து நின்ற ஒரு அம்மாவின் தோளைத் திருப்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துத் தெருவில் பொத்தானம்மாவுக்கு ஒரு சிநேகிதி உண்டு, அங்கேயும் இல்லை. ஒவ்வொரு முனையிலும் அண்ணி, "நான் சொல்லவே இல்ல, நான் சொல்லவே இல்ல" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். என்ன சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் திராணி இல்லை.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் கடைப் பக்கம் திரும்பினால், பூட்டிய ஷட்டரில் தலையைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார் பொத்தானம்மா, மடியில் துணி மூட்டையோடு. கடை திறக்கட்டும் என்று காத்திருந்தாராம்.

"ஒண்ணும் இல்லம்மா, கால் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றார். "நெஞ்சு மட்டும் ஒரு மாதிரி துள்ளுது." உதடு வெளுத்திருந்தது. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு நடுத்தெருவில் இறங்கி, வந்த டாக்சியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். டாக்சிக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, லிஃப்ட்காரரின் டப்பாவில் இருப்பது நிஜ மருந்தா மாவா என்று தெரிந்தாக வேண்டும் என்றார். அது பூட்டி வைத்த ரகசியம். ஆபத்து என்றால் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டால் லிஃப்ட்காரர் சோதனையில் தொடர முடியாது. "கேளுங்க" என்றாள் அண்ணி, அவர் முடிப்பதற்குள்.

நான் போன் செய்து லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அண்ணி தாழ்வாரத்தில் அவர்மேல் பாய்ந்துவிட்டாள்.

"ஐயா, உங்களுக்கு மட்டும்தான்னு எத்தனை தடவ சொன்னேன்! அம்மாவுக்கு அது ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவர் அவளைக் குழப்பமாகப் பார்த்தார். "ஆகாதுன்னு நீ சொல்லலையேம்மா. சேர்க்க முடியாதுன்னுதான சொன்ன?"

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எங்கள சேர்க்க முடியாதுன்னு சொன்ன இடம் ஒண்ணா ரெண்டா?" என்றார் அவர். "ஒருத்தருக்குக் கதவு திறந்தா இன்னொருத்தரையும் எப்படியாவது உள்ள இழுத்துக்குவோம். அப்படித்தான் இத்தனை காலம் ஓடிச்சு. நல்ல மருந்து இல்லன்னா நீ எதுக்கு நாலு மாடி ஏறி வந்து அவ்வளவு கெஞ்சின? அத நான் மட்டும் முழுங்கிட்டு, அவ பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? எனக்குத் தொண்டைல இறங்கல. வெட்டிக் குடுத்தேன்." அவர் சட்டென்று அழ ஆரம்பித்துவிட்டார். "நான்தான் கொன்னுட்டேனா?"

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல ஐயா. நீங்க இல்ல" என்றாள். அவளும் அழுதாள். ஆனால் அப்போதும் அவளால் நிலையாக நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்தபடியே இரண்டடி அந்தப் பக்கம், இரண்டடி இந்தப் பக்கம் நடந்தாள், அவரும் கூடவே நடந்தார்.

டாக்டர் திரும்பி வந்தார். நிஜ மருந்துதான். முழு மாத்திரையாக இருந்திருந்தால் இந்நேரம் கையை விட்டுப் போயிருக்கும், பாதி என்பதால் இழுத்துப் பிடித்துவிட்டோம் என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. லிஃப்ட்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பொத்தானம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்காரரைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். "பொண்டாட்டிக்குப் பாதி குடுத்ததுக்கு வேலைய விட்டே தூக்கிட்டாங்க" என்று என் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தாலும், அந்த நர்ஸ் இனிப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார் என்பதில் இருவருக்கும் வருத்தம்தான். அண்ணி விடவில்லை. கிட்னி டாக்டரிடம் வரிசையில் தானே நின்று பொத்தானம்மாவுக்கு இடம் வாங்கினாள். லிஃப்ட்காரரையும் கூட்டிப்போய் இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் மேலே இருப்பவர்களிடம் சொன்னாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதோடு நிற்கவில்லை. இதுவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனாள். முன்பு சேர்க்கத்தான் மாடி ஏறுவாள், இப்போது சேர்க்காததற்குக் காரணம் சொல்ல ஏறினாள். உங்களுக்கு இதயம் இப்படி, அதனால் அந்த மருந்து ஆகாது. உங்களுக்கு ஈரல் இப்படி, அதை இந்த இடத்தில் காட்டுங்கள். "வேணாம்னு சொன்ன வீட்டுக்கு எவளாவது திரும்பி வருவாளா?" என்று ஒரு பாட்டி கதவைச் சாத்திவிட்டாராம். அண்ணி கதவுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதல் கேள்வியும் மாறிவிட்டது. உங்களுக்கு என்ன வயது என்பதில்லை, "வீட்ல வேற யாருக்கு மருந்து வேணும்?" என்பதுதான். கேட்டவுடன் முகம் மாறுகிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம்.

ஒரு சாயங்காலம் அப்படிச் சுற்றிவிட்டு வந்தவள், சமையலறையில் நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் என் மாத்திரையை எடுத்தேன். வழக்கம்போல மேடையில் வைத்துக் கத்தியால் ஒரு அழுத்து. டக்கென்று சத்தம். ஒரு பாதியை வாயில் போட்டு, மறு பாதியைச் சிமிழில் போட்டு மூடினேன். எத்தனையோ காலமாக அவள் கண்ணெதிரே செய்வதுதான்.

சொம்பு பாதியில் நின்றது.

"அது என்ன?"

"பிரஷர் மாத்திரை."

"பாதி போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானாத்தான். எல்லாரும் அப்படித்தான அண்ணி போடறாங்க."

"எத்தனை வருஷமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. "ஊர்ல இருக்கற கெழவன் கெழவி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டறீங்க. நான் இங்கதான் இருக்கேன். இவ்வளவு நாள்ல ஒரு தடவ கேட்டீங்களா?" என்றேன்.

அண்ணி சொம்பை வைத்தாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டாள். அதில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. எடுத்து, யாரென்று பார்க்காமல் அணைத்தாள்.

"இப்ப கேக்கறேன்" என்றாள். "என்ன பண்ணுது உனக்கு? மொதல்லேர்ந்து சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நான் சொல்ல ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் அவள் கால் மட்டும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.